சிறப்புச் சார்பியல் கோட்பாடு: மாறுவனவும் மாறாதனவும்

முன்னுரை

"எல்லாம் சார்பானவை என்று ஐன்ஸ்டைன் நிறுவிவிட்டார்" என்னும் கூற்றை மேடைகளிலும் கட்டுரைகளிலும் நாம் அடிக்கடி எதிர்கொள்கிறோம். உண்மை, அழகு, ஒழுக்கம் ஆகியவை நோக்குவோரைப் பொறுத்து மாறுபடுவன என்பதற்கு அறிவியல் தந்த சான்றாக அது எடுத்தாளப்படுகிறது. இயற்பியலில் அத்தகைய முடிவு எதுவும் இல்லை. 1905ஆம் ஆண்டில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் வகுத்த சிறப்புச் சார்பியல் கோட்பாடு, மாறாத இரண்டினைத் தன் அடித்தளமாகக் கொண்டது. அவ்விரண்டையும் காக்கும் பொருட்டே காலம், நீளம் ஆகியவை பற்றி மனித இனம் நெடுங்காலம் கொண்டிருந்த எண்ணங்களை அது கைவிட்டது.

இக்கோட்பாடு இந்தியவியல் மாணவர்க்கு முற்றிலும் அயலான பொருளன்று. மேகநாத சாகா, சத்தியேந்திரநாத் போஸ் ஆகிய இருவரும் ஜெர்மானிய மொழியிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்த ஐன்ஸ்டைன், மின்கோவ்ஸ்கி ஆகியோரின் கட்டுரைகளைக் கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1920ஆம் ஆண்டிலேயே நூலாக வெளியிட்டது. பிரசாந்த சந்திர மகலனோபிஸ் அந்நூலுக்கு முன்னுரை வரைந்தார். ஐன்ஸ்டைனும் ஜப்பானுக்குச் செல்லும் வழியில் 1922 நவம்பர் 2ஆம் நாள் சிங்கப்பூரில் வந்திறங்கினார். எனினும் இக்கோட்பாட்டின் உள்ளடக்கம் பற்றிய தெளிவான விளக்கம் தமிழில் போதிய அளவு பரவவில்லை என்றே கருதுகிறோம்.

இக்கோட்பாட்டில் எவை மாறுகின்றன, எவை மாறுவதில்லை என்பதைப் பிரித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதனைத் தொடர்ந்து படிப்பதற்குப் பள்ளியில் கற்ற பெருக்கலும், செங்கோண முக்கோணம் பற்றிய பிதாகரஸ் தேற்றமும் போதும்.

கலிலியோவின் கப்பல்

சார்புநிலை என்னும் கருத்து ஐன்ஸ்டைனோடு தோன்றியதன்று. இத்தாலிய அறிஞர் கலிலியோ 1632இல் வெளியிட்ட தம் உரையாடல் நூலில், அமைதியான நீர்ப்பரப்பில் சீராகச் செல்லும் கப்பலின் மூடிய அறை ஒன்றைக் கற்பனை செய்தார். அவ்வறைக்குள் வண்ணத்துப்பூச்சிகள் பறக்கின்றன. கலத்தில் மீன்கள் நீந்துகின்றன. தொங்கவிட்ட கலத்திலிருந்து நீர் துளித்துளியாகச் சொட்டுகிறது. கப்பல் நின்றாலும் சீராகச் சென்றாலும் இவை யாவும் ஒரே வகையாகவே நிகழும். அறைக்குள் இருப்பவர் எந்தச் சோதனையைச் செய்தும் கப்பல் ஓடுகிறதா, நிற்கிறதா என்று கூற இயலாது.

கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்குச் செல்லும் மின்தொடர்வண்டியிலும் நாம் இதனை உணரலாம். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி சீராக ஓடும்போது கோப்பையிலுள்ள தேநீர் தளும்புவதில்லை. கைநழுவிய பேனா நேர்கீழே காலடியில்தான் விழுகிறது. வண்டி வேகம் கூட்டும்போதும், தடை போடும்போதும், வளைவில் திரும்பும்போதும் மட்டுமே இயக்கம் உடலுக்குத் தெரிகிறது.

அளப்பவர் ஒருவர் தம்மோடு கொண்டிருக்கும் அளவுகோல்கள், கடிகாரங்கள் ஆகியவற்றின் தொகுதியை இயற்பியலார் குறிப்பாயம் என்பர். வேகமும் திசையும் மாறாமல் செல்லும் குறிப்பாயங்கள் யாவற்றிலும் இயக்க விதிகள் ஒன்றே என்பது கலிலியோவின் கொள்கை. 'இவ்வண்டியின் வேகம் என்ன?' என்னும் வினாவுக்கு, 'எதனோடு ஒப்பிட்டு?' என்று கேட்ட பின்னரே விடை கூற முடியும். வேகம் சார்பானது, இயக்க விதி சார்பற்றது. மாறுவதும் மாறாததும் இணைந்து நிற்கும் இவ்வமைப்பைக் கலிலியோவிடமே காண்கிறோம்.

ஒளி எழுப்பிய சிக்கல்

மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியில் ஒருவர் முன்னோக்கி மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால், நடைமேடையில் நிற்பவர்க்கு அவர் வேகம் 145 கிலோமீட்டர். வேகங்கள் இவ்வாறு கூடும் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஒளியின் வேகத்தை ஆராயப் புகுந்தபோதுதான் சிக்கல் எழுந்தது.

ஸ்காட்லாந்து அறிஞர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் மின்சாரத்தையும் காந்தத்தையும் இணைத்து வகுத்த சமன்பாடுகளை 1865இல் வெளியிட்டார். மின்காந்த அலைகள் வெற்றிடத்தில் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் செல்லும் என்பது அவற்றிலிருந்து பெறப்பட்டது. அவ்வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர். அதாவது ஒளியின் வேகமே அது. ஆனால் அச்சமன்பாடுகள் இவ்வேகம் எதனோடு ஒப்பிட்டுக் கூறப்படுவது என்பதைத் தெரிவிக்கவில்லை. ஒலிக்குக் காற்று ஊடகமாவதுபோல ஒளிக்கு 'ஈதர்' என்னும் கண்ணுக்குப் புலனாகா ஊடகம் உண்டு என்றும், அதனோடு ஒப்பிட்ட வேகமே இது என்றும் அக்கால அறிஞர் கருதினர்.

ஈதர் உண்டெனில், சூரியனை விநாடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றிவரும் பூமி அதனூடே செல்ல வேண்டும். எனவே பூமி செல்லும் திசையிலும் அதற்குக் குறுக்குத் திசையிலும் ஒளிக்கதிர்கள் சென்று மீளும் நேரம் வேறுபட வேண்டும். இவ்வேறுபாட்டைக் கண்டறிய அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் மைக்கேல்சன், மோர்லி ஆகிய இருவரும் 1887இல் நுட்பமான ஆய்வொன்றை மேற்கொண்டனர். எதிர்பார்த்த விளைவில் இருபதில் ஒரு பங்குகூடத் தென்படவில்லை. பூமியின் ஓட்டம் ஒளியின் வேகத்தைக் கூட்டவும் இல்லை; குறைக்கவும் இல்லை.

இரண்டு அடிப்படைகள்

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரிலுள்ள காப்புரிமை அலுவலகத்தில் பணியாற்றிய ஐன்ஸ்டைன் தம் 26ஆம் வயதில், நகரும் பொருள்களின் மின்னியக்கவியல் பற்றிய கட்டுரையை எழுதினார். அதனை ஜெர்மானிய இயற்பியல் இதழ் ஒன்று 1905 ஜூன் 30ஆம் நாள் பெற்றுக்கொண்டு அவ்வாண்டிலேயே வெளியிட்டது. அதன் தலைப்பில் 'சார்பியல் கோட்பாடு' என்னும் பெயர் இல்லை. இரண்டு அடிப்படைகளை மட்டுமே அக்கட்டுரை கொள்கைகளாக முன்வைத்தது.

முதலாவது, சீராகச் செல்லும் குறிப்பாயங்கள் அனைத்திலும் இயற்பியல் விதிகள் யாவும் ஒன்றே. கலிலியோ இயக்கத்திற்குக் கூறியதை ஐன்ஸ்டைன் மின்சாரம், காந்தம், ஒளி ஆகியவற்றிற்கும் விரித்தார். இரண்டாவது, வெற்றிடத்தில் ஒளியின் வேகம், அதனை உமிழும் பொருளின் இயக்கத்தைச் சார்ந்ததன்று. இவ்விரண்டையும் இணைத்தால், சீராகச் செல்லும் எவர் அளந்தாலும் ஒளியின் வேகம் ஒன்றே என்னும் முடிவு கிடைக்கிறது. ஒளியைத் துரத்திச் செல்பவரும், அதனை எதிர்கொண்டு வருபவரும், நின்று நோக்குபவரும் ஒரே எண்ணைத்தான் பெறுவர்.

இவ்வேகம் இன்று அளவையியலின் அடித்தளமாகவும் உள்ளது. 1983ஆம் ஆண்டு முதல் ஒளியின் வேகம் விநாடிக்கு 29,97,92,458 மீட்டர் என நிலைநிறுத்தப்பட்டு, மீட்டர் என்னும் அலகே அதனைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது.

வேகம் என்பது தொலைவைக் காலத்தால் வகுத்துப் பெறுவது. வெவ்வேறு இயக்கமுடைய இருவர்க்கு ஒளியின் வேகம் ஒன்றாக இருக்க வேண்டுமாயின், அவ்விருவரின் தொலைவும் காலமும் ஒன்றாக இருத்தல் இயலாது. இக்கோட்பாட்டின் வியப்புக்குரிய விளைவுகள் யாவும் இதிலிருந்தே பிறக்கின்றன.

'ஒரே நேரத்தில்' என்பதன் பொருள்

தொடர்வண்டிப் பெட்டி ஒன்றின் நடுவில் விளக்கொன்று ஒளிர்வதாகக் கொள்வோம். பெட்டிக்குள் அமர்ந்திருப்பவர்க்கு முன்கதவும் பின்கதவும் விளக்கிலிருந்து சமதொலைவில் உள்ளன. ஒளி இரு திசைகளிலும் ஒரே வேகத்தில் செல்வதால், இரு கதவுகளையும் ஒரே நேரத்தில் அடைகிறது.

நடைமேடையில் நிற்பவர் இதனை எவ்வாறு அளப்பார்? அவர்க்கும் ஒளி இரு திசைகளிலும் ஒரே வேகத்தில்தான் செல்கிறது. ஆனால், ஒளி செல்லும் அச்சிறு பொழுதில் பின்கதவு அதனை எதிர்கொண்டு வருகிறது. முன்கதவோ விலகிச் செல்கிறது. எனவே ஒளி முதலில் பின்கதவையும் பின்னர் முன்கதவையும் அடைகிறது. வண்டியின் வேகம் ஒளியின் வேகத்தோடு கூடியிருந்தால் இவ்வேறுபாடு தோன்றியிராது. அது கூடுவதில்லை என்பதே இரண்டாம் அடிப்படை.

இவர்களுள் எவர் கூற்று சரி? இருவர் கூற்றும் சரியே. வெவ்வேறு இடங்களில் நிகழும் இரு நிகழ்ச்சிகள் 'ஒரே நேரத்தில்' நிகழ்ந்தன என்னும் கூற்று, வேகம் போன்றே, எக்குறிப்பாயத்தில் அளக்கப்பட்டது எனச் சேர்த்துரைத்தால்தான் பொருள் பெறும். ஒளி வந்து கண்ணைச் சேர்வதற்கு ஆகும் தாமதத்தால் தோன்றும் மயக்கமன்று இது. அத்தாமதத்தைக் கணக்கிட்டுக் கழித்த பின்னரும் எஞ்சுவது இவ்வேறுபாடு.

நீளம் பற்றிய கருத்தும் இதனோடு பிணைந்துள்ளது. ஓடும் வண்டியின் நீளத்தை நடைமேடையிலிருந்து அளக்க, அதன் முன்முனையும் பின்முனையும் எங்குள்ளன என்பதை ஒரே நேரத்தில் குறிக்க வேண்டும். 'ஒரே நேரம்' என்பதில் இருவரும் ஒத்துப்போகாதபோது நீளத்திலும் ஒத்துப்போக இயலாது. ஓடும் பொருள் அதன் இயக்கத் திசையில் குறுகி அளக்கப்படுகிறது. இதுவே நீளக் குறுக்கம் எனப்படும்.

ஒளிக் கடிகாரம்

கால வேறுபாட்டின் அளவை ஒரு செங்கோண முக்கோணத்தைக் கொண்டு கணக்கிடலாம். ஒரு விநாடியின் 100 கோடியில் ஒரு பங்கு நானோவிநாடி ஆகும். அப்பொழுதில் ஒளி ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் செல்லும். அத்தொலைவை ஓர் அலகு எனக் கொள்வோம்.

வண்டியின் தரையில் ஒரு விளக்கும், அதற்கு நேர்மேலே 4 அலகு உயரத்தில் ஒரு கண்ணாடியும் உள்ளன. ஒளி மேலே சென்று கீழே திரும்புகிறது. வண்டியில் இருப்பவர்க்கு அது 4 அலகு ஏறி 4 அலகு இறங்குகிறது. ஆகவே 8 நானோவிநாடி ஆகிறது.

இவ்வண்டி ஒளியின் வேகத்தில் ஐந்தில் மூன்று பங்கு வேகத்தில் ஓடுவதாகக் கற்பனை செய்வோம். நடைமேடையில் நிற்பவர்க்கு ஒளி நேர்மேலே செல்வதில்லை. சாய்வாக ஏறிச் சாய்வாக இறங்குகிறது. ஒளி ஏறும் பொழுதில் வண்டி 3 அலகு முன்னே செல்கிறது. இயக்கத் திசைக்குக் குறுக்கேயுள்ள உயரம் இருவர்க்கும் ஒன்றே. அது 4 அலகு. அடிப்பக்கம் 3, உயரம் 4 எனின் சாய்பக்கம் 5. இறங்கும்போதும் அவ்வாறே. ஒளி கடந்த தொலைவு 10 அலகு. ஒளியின் வேகம் இவர்க்கும் அதுவேயாதலால், ஆகும் நேரம் 10 நானோவிநாடி.

ஒளி புறப்பட்டது, ஒளி திரும்பி வந்தது என்னும் இரண்டு நிகழ்ச்சிகளுக்கு இடைப்பட்ட காலம் வண்டியில் 8; நடைமேடையில் 10. ஓடும் கடிகாரம் மெதுவாக நடக்கிறது. இதனைக் கால விரிவு என்கிறோம். இது ஒளிக் கடிகாரத்திற்கு மட்டும் உரிய குறையன்று. பெட்டியிலுள்ள கைக்கடிகாரமோ பயணியின் நாடித்துடிப்போ ஒளிக் கடிகாரத்திலிருந்து மாறுபட்டு நடக்குமாயின், அம்மாறுபாட்டைக் கொண்டே வண்டி ஓடுகிறது என அறிந்துவிடலாம். முதல் அடிப்படை அதற்கு இடந்தராது. ஆகவே பெட்டிக்குள் நிகழ்வன யாவும் ஒரே விகிதத்தில் மெதுவாகின்றன.

நாள்தோறும் பயணம் செய்யும் நாம் இதனை உணராமைக்குக் காரணம் ஒளியின் வேகத்தின் பெருமையே. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு மணி நேரம் சென்றவரின் கடிகாரம், ஒரு விநாடியின் 1,000 கோடியில் ஒரு பங்கைவிடக் குறைவாகவே பின்தங்கும்.

இயற்கை தரும் சான்றுகள்

விண்ணிலிருந்து வரும் அண்டக் கதிர்கள் காற்று மண்டலத்தின் உயரத்தில் மோதும்போது மியூவான் என்னும் நிலையற்ற துகள்கள் தோன்றுகின்றன. ஓய்வு நிலையில் இவற்றின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோவிநாடி. ஒரு விநாடியின் 10 இலட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோவிநாடியாகும். அவ்வாயுளுக்குள் ஒளியே 660 மீட்டர்தான் செல்லும். பல கிலோமீட்டர் உயரத்தில் பிறந்த மியூவான்களுள் மிகப் பெரும்பாலானவை தரையைச் சேருமுன் அழிந்திருக்க வேண்டும். ஆயினும் அவை நம் தலைமீது இடையறாது பொழிந்துகொண்டிருக்கின்றன.

அண்டக் கதிர்களில் உள்ள நிலையற்ற துகளை ஒரு கடிகாரமாகவே கருதலாம் என்றும், அது ஓடும்போது அதன் சிதைவுக் காலம் சார்பியலின்படி நீளும் என்றும் 1938ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் எழுதியவர் இந்திய இயற்பியலார் ஹோமி பாபா என்பது ஈண்டு குறிப்பிடத்தக்கது. 1941இல் ரோசி, ஹால் ஆகியோர் அமெரிக்காவில் இத்துகள்களை மலையுயரங்களில் எண்ணி இவ்விளைவைக் கண்டறிந்தனர்.

1963இல் பிரிஷ், ஸ்மித் ஆகிய இருவரும் அமெரிக்காவின் வாஷிங்டன் மலையில், ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில், ஒளியின் வேகத்தில் 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வேகமுடைய மியூவான்களை எண்ணினர். ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 560 கிடைத்தன. கடல்மட்டம் வரை வருவதற்கு 6 மைக்ரோவிநாடிக்கு மேல் ஆகும். கால விரிவு இல்லையெனில் 30 அளவிலேயே எஞ்சியிருக்கும். கடல்மட்ட அளவில் எண்ணியபோது கிடைத்தவையோ ஏறத்தாழ 410. மியூவான்களின் கடிகாரம் ஏறத்தாழ 9 மடங்கு மெதுவாக நடந்தது என்பதே இதன் பொருள்.

இங்கே ஒரு வினா எழும். மியூவானோடு சேர்ந்து பயணம் செய்பவர்க்கு அதன் கடிகாரம் மெதுவாக நடப்பதில்லையே. அவ்வாறாயின் அது எவ்வாறு தரையை அடைந்தது? அவர் நோக்கில் மலைதான் ஓடிவருகிறது. ஓடும் பொருள் குறுகுமாதலால் 1,900 மீட்டர் மலை அவர்க்கு 210 மீட்டர் அளவினதே. அதனைக் கடக்க 1 மைக்ரோவிநாடிகூட ஆவதில்லை. ஒருவர் 'காலம் விரிந்தது' என்கிறார். மற்றவர் 'நீளம் குறுகியது' என்கிறார். விளக்கங்கள் வேறுபடுகின்றன. தரையை அடைந்த மியூவான்களின் எண்ணிக்கையில் வேறுபாடு இல்லை.

மனிதர் செய்த கடிகாரங்களும் இதனை மெய்ப்பித்துள்ளன. 1971 அக்டோபரில் ஹாஃபெல், கீட்டிங் ஆகியோர் அணுக் கடிகாரங்களைப் பயணிகள் விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றிவந்தனர். கிழக்கு நோக்கிச் சென்ற கடிகாரங்கள் தரையிலிருந்தவற்றைவிட 59 நானோவிநாடி பின்தங்கின. மேற்கு நோக்கிச் சென்றவை 273 நானோவிநாடி முந்தின. வேகமும் ஈர்ப்பும் சேர்ந்து விளைவித்த இவ்வேறுபாடு, கணித்த அளவோடு பிழை எல்லைக்குள் பொருந்தியது. இன்று வழிகாட்டிக் கருவிகளுக்குத் துணைபுரியும் புவியிடங்காட்டிச் செயற்கைக்கோள்கள் விநாடிக்கு ஏறத்தாழ 3.9 கிலோமீட்டர் வேகத்தில் செல்கின்றன. அவ்வேகத்தால் அவற்றின் கடிகாரங்கள் நாளொன்றுக்கு 7 மைக்ரோவிநாடி பின்தங்குகின்றன. உயரத்தில் ஈர்ப்பு குறைவாதலால், பொதுச் சார்பியலின்படி, 45 மைக்ரோவிநாடி முந்துகின்றன. எஞ்சும் 38 மைக்ரோவிநாடி வேறுபாட்டைச் சரிசெய்தே அவை இயக்கப்படுகின்றன. அக்காலத்தில் ஒளி 11 கிலோமீட்டருக்கு மேல் செல்லும் என்பதை எண்ணினால் இத்திருத்தத்தின் இன்றியமையாமை விளங்கும்.

மாறாத இடைவெளி

காலமும் மாறுகிறது, தொலைவும் மாறுகிறது என்றால் இருவரும் உடன்படுவதற்கு யாது எஞ்சுகிறது? இவ்வினாவுக்குத் தெளிவான விடை தந்தவர் ஹெர்மன் மின்கோவ்ஸ்கி. இவர் சூரிக் நகரில் ஐன்ஸ்டைனுக்குக் கணிதம் கற்பித்தவர். 1908 செப்டம்பரில் கொலோன் நகரில் ஆற்றிய உரையில், இடத்தையும் காலத்தையும் தனித்தனியே கொள்ளாது ஒரே நாற்பரிமாண அமைப்பாகக் கொள்ள வேண்டும் என்றார்.

முன்பு கண்ட ஒளிக் கடிகாரத்தையே மீண்டும் நோக்குவோம். ஒளி புறப்பட்டதற்கும் திரும்பியதற்கும் இடையே நடைமேடையில் கழிந்த காலம் 10. அதற்குள் விளக்கு நகர்ந்த தொலைவு 6. வண்டியில் கழிந்த காலம் 8, அங்கே விளக்கு நகரவே இல்லை, தொலைவு 0. காலத்தின் இருபடியிலிருந்து தொலைவின் இருபடியைக் கழித்துப் பார்ப்போம். நடைமேடையில் 100இலிருந்து 36 போக 64. வண்டியில் 64இலிருந்து 0 போக 64.

காலத்தில் இருவரும் உடன்படவில்லை, தொலைவிலும் உடன்படவில்லை. ஆனால் இரண்டையும் இணைத்துப் பெற்ற எண் இருவர்க்கும் ஒன்றே. வேறெந்த வேகத்தில் செல்பவர் அளந்தாலும் இதே எண் கிடைக்கும். இதனை இடைவெளி என இயற்பியலார் குறிப்பர். கம்பம் ஒன்றின் நிழல் பொழுதுக்கேற்ப நீளவும் குறுகவும் செய்கிறது, கம்பம் மாறுவதில்லை. தனித்தனியே அளக்கும் காலமும் தொலைவும் நிழல்களைப் போன்றவை. இடைவெளி கம்பத்தைப் போன்றது.

'சார்பியல்' என்னும் பெயர் நிழல்களையே சுட்டுகிறது. கணித அறிஞர் ஃபெலிக்ஸ் கிளைன் இதனை மாறாமைக் கோட்பாடு எனக் கொள்வதே தகும் என்று கருதினார். அப்பெயர் நிலைத்திருந்தால், 'எல்லாம் சார்பானவை' என்னும் மேடைக்கூற்று பிறந்திராது.

முக்காலமும் நான்காம் பகுதியும்

தமிழ் இலக்கணம் காலத்தை இறப்பு, நிகழ்வு, எதிர்வு என மூன்றாகப் பகுக்கிறது. இப்பகுப்பில் நிகழ்காலம் என்பது உலகெங்கும் பொதுவான ஒன்றாகக் கருதப்படுகிறது. சிறப்புச் சார்பியல் இறப்பையும் எதிர்வையும் காக்கிறது. ஆயினும் உலகுக்கெல்லாம் பொதுவான நிகழ்வை ஏற்பதில்லை.

சூரிய ஒளி பூமியை அடைய ஏறத்தாழ 8 நிமிடம் 20 விநாடி ஆகிறது. பூமியில் இப்பொழுது நண்பகல் 12 மணி எனக் கொள்வோம். சூரியனில் 11 மணி 51 நிமிடம் 40 விநாடிக்கு முன் நிகழ்ந்தவை நம் இறந்தகாலம். அவற்றின் விளைவு நம்மை எட்டிவிட்டது. அங்கே 12 மணி 8 நிமிடம் 20 விநாடிக்குப் பின் நிகழ்வன நம் எதிர்காலம். இப்பொழுது நாம் அனுப்பும் ஒளிக்குறி அங்கே சென்று சேர முடியும். இடைப்பட்ட 16 நிமிடம் 40 விநாடியில் சூரியனில் நிகழ்வன நம்மைத் தொடவும் இயலாது. நாம் அவற்றைத் தொடவும் இயலாது. அவற்றுள் எது 'இப்பொழுது' நிகழ்கிறது என்பதில் வெவ்வேறு வேகமுடையோர் வெவ்வேறு விடை கூறுவர். இது நான்காம் பகுதி எனத்தக்கது.

எனினும் காரணமும் விளைவும் ஒருபோதும் இடம் மாறுவதில்லை. ஒரு நிகழ்ச்சி மற்றொன்றை விளைவித்திருக்கக்கூடுமாயின், எது முன், எது பின் என்பதில் அனைவரும் உடன்படுவர். முன்பின் மாறுபாடு நான்காம் பகுதிக்குள் மட்டுமே நிகழும். ஒளியைவிட விரைவாகச் செய்தி அனுப்ப இயலாது என்பதே இவ்வொழுங்கைக் காக்கும் வேலியாகும். மகன் பிறந்த பின் தந்தை பிறந்தார் என்று கூறும் குறிப்பாயம் எதுவும் இல்லை.

வேகமும் ஆற்றலும்

வேகங்களைக் கூட்டும் பழைய முறையும் இதனால் திருத்தம் பெறுகிறது. ஒளியின் வேகத்தில் பாதி வேகத்தில் செல்லும் கலத்திலிருந்து, கலத்தோடு ஒப்பிட அதே பாதி வேகத்தில் ஒரு துகளை முன்னோக்கி எய்தால், அதன் மொத்த வேகம் ஒளியின் வேகம் ஆவதில்லை. அதில் ஐந்தில் நான்கு பங்கே ஆகிறது. எத்தனை முறை கூட்டினாலும் ஒளியின் வேகத்தை எட்ட இயலாது. ஜெனீவாவுக்கு அருகிலுள்ள பெரும் ஆட்ரான் மோதுகலத்தில் புரோட்டான்களின் ஆற்றல் ஏறத்தாழ 15 மடங்கு உயர்த்தப்படுகிறது. அவற்றின் வேகமோ ஒளிவேகத்தின் 99.9998 விழுக்காட்டிலிருந்து 99.999999 விழுக்காட்டுக்கு மட்டுமே உயர்கிறது.

1905ஆம் ஆண்டிலேயே எழுதிய மற்றொரு சிறு கட்டுரையில், ஒரு பொருளின் நிறை அதனுள் அடங்கிய ஆற்றலின் அளவே என்று ஐன்ஸ்டைன் முடிவு கண்டார். ஆற்றல் என்பது நிறையை ஒளிவேகத்தின் இருபடியால் பெருக்கிப் பெறுவதாகும். ஒரு கிராம் நிறை முழுவதும் ஆற்றலானால் ஏறத்தாழ 2.5 கோடி கிலோவாட்-மணி கிடைக்கும். சூரியன் ஒவ்வொரு விநாடியும் தன் நிறையில் 40 இலட்சம் டன்னுக்கு மேல் ஒளியாக்கி இழக்கிறது. பயிரை வளர்க்கும் வெயிலும் இச்சமன்பாட்டின் வெளிப்பாடே.

இரட்டையரும் புராணக் கதையும்

இரட்டையருள் ஒருவர் 3 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள விண்மீனுக்கு ஒளியின் வேகத்தில் ஐந்தில் மூன்று பங்கு வேகத்தில் சென்று திரும்புகிறார். வீட்டிலிருப்பவர்க்குச் செல்ல 5 ஆண்டும் மீள 5 ஆண்டும் ஆக 10 ஆண்டுகள் கழிகின்றன. பயணியின் வயதில் 8 ஆண்டுகளே கூடுகின்றன. இருவரும் ஒருவரையொருவர் ஓடுவதாகக் கருதலாமே, வீட்டிலிருப்பவர் ஏன் இளையவராக இருத்தல் கூடாது என்னும் ஐயம் இயல்பானது. வீட்டிலிருப்பவர் சீரான ஒரே குறிப்பாயத்தில் இருந்தார். பயணியோ விண்மீனருகே திரும்பியபோது ஒரு குறிப்பாயத்தை விட்டு மற்றொன்றுக்கு மாறினார். அத்திருப்பத்தை உடலால் உணர்ந்தவரும் அவர் ஒருவரே. ஆகவே இருவர் நிலையும் ஒத்ததன்று.

இதனைக் கேட்போர் ரைவத மன்னன் கதையை நினைவுகூர்வதுண்டு. தன் மகள் ரேவதிக்கு ஏற்ற மணமகனை அறியப் பிரமனிடம் சென்ற மன்னன், அங்கே இசை கேட்டு முடிவதற்குள் மண்ணுலகில் பல யுகங்கள் கழிந்துவிட்டன என்று விஷ்ணு புராணமும் பாகவதமும் கூறுகின்றன. இதனைக் கொண்டு சார்பியலை நம் முன்னோர் முன்பே அறிந்திருந்தனர் என்று வாதிடுவோர் உளர். காலம் எங்கும் ஒரே சீராகச் செல்ல வேண்டியதில்லை என்று எண்ணிப் பார்த்த கற்பனையின் வளத்தை நாம் போற்றுகிறோம். ஆயினும் கதை வேறு, கோட்பாடு வேறு. இவ்வேகத்தில் சென்றால் இத்தனை நானோவிநாடி பின்தங்கும் என்று முன்கூட்டியே எண்ணால் உரைப்பதும், அளந்து பார்க்கும்போது அவ்வெண் பொய்க்குமாயின் தானும் வீழ்வதற்கு உடன்பட்டு நிற்பதும் கோட்பாட்டின் இயல்பு. புராணத்தை இயற்பியலாக்குவது இரண்டின் பெருமையையும் குறைப்பதாகும்.

முடிவுரை

சீராகச் செல்லும் குறிப்பாயங்களுக்கு மட்டும் உரியதாதலால் இக்கோட்பாடு 'சிறப்பு' என்னும் அடை பெற்றது. ஈர்ப்பையும் உள்ளடக்கிய பொதுச் சார்பியலை ஐன்ஸ்டைன் 1915இல் நிறைவு செய்தார். அது தனியே ஆராய்தற்குரியது.

சிறப்புச் சார்பியலில் வேகம், நீளம், காலம், உடனிகழ்வு ஆகியவை குறிப்பாயத்தைச் சார்ந்தவை. இயற்பியல் விதிகள், ஒளியின் வேகம், நிகழ்ச்சிகளுக்கு இடைப்பட்ட இடைவெளி, காரண விளைவு ஒழுங்கு ஆகியவை சாராதவை. மேலும், மாறுவனவும் ஒருவர் விருப்பத்திற்கேற்ப மாறுவதில்லை. ஒருவரின் அளவு தெரிந்தால் மற்றவரின் அளவைத் துல்லியமாகக் கணித்துக் கூறலாம். அவரவர் கருத்து அவரவர்க்கு உண்மை என்னும் நிலைப்பாட்டுக்கு இங்கே இடமில்லை. இருவர் அளவுகள் வேறுபடும்போது அவ்வேறுபாட்டுக்குக் காரணமான விதியைத் தேடி, இருவர்க்கும் பொதுவானதைக் கண்டடைவதே இக்கோட்பாடு காட்டும் நெறியாகும்.

ஆகவே, அறிவியல் கருத்தொன்றைத் திறனாய்விலோ மெய்யியலிலோ எடுத்தாளும்போது, அதன் பெயரை மட்டும் கொண்டு பொருள் கூறாது, அது உண்மையில் யாது உரைக்கிறது என்பதைக் கற்று எடுத்தாளுதல் நம் கடமையாகும். அதற்கு வேண்டிய சொற்கள் தமிழில் உள்ளன. அவற்றைத் துல்லியமாக வழங்குவது நம் பொறுப்பாகும்.